முறையீடும் பேரறிக்கையும்: நொய்யற்கரையில் குறை கிளர்ச்சியானமை

முறையீடு என்னும் சொல்லுக்கு அடி முறை என்பதாகும். முறை என்பது நீதி. வழிவழி வந்த ஒழுங்கு. அரசன் குடிகளுக்கு ஆற்றவேண்டிய கடன். இம்மூன்று பொருளும் ஒருங்கே நிற்பதனாலேயே முறையிடுதல் வெறும் இரத்தலின் வேறாகிறது. குறையிரப்பவன் அரசனது அருளை நாடுகிறான். முறையிடுபவன் அரசனது கடனை நினைவூட்டுகிறான். எனினும் இருவர்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. இருவரும் அரசனை நோக்கியே பேசுகின்றனர். அவன் செவிசாய்ப்பான் என்னும் நம்பிக்கை இருவரிடத்தும் இன்னும் அற்றுவிடவில்லை.

அயலார் ஆட்சியின்மேல் குடிகள் கொண்ட குறை எவ்வாறு கிளர்ச்சியாக முதிர்கின்றது என்னும் வினாவிற்கு வரலாற்றாசிரியர் வரியையும் விலையையும் படைவலியையும் கொண்டு விடை கூறுவர். அவை வேண்டுவனவே. ஆனால் வரி மிகுந்த காலங்கள் பல. கிளர்ச்சி எழுந்த காலங்கள் சில. ஆகலின் தமிழ் பயில்வோர்க்கு உரிய வேறொரு கருவியையும் ஈண்டுக் கையாளலாம் என்பது எம் கருத்து. தொல்காப்பியர் செய்யுளியலில் உறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்றோடு கேட்போரையும் ஓர் உறுப்பாக வைத்தார். யார் கூறினார் என்பதனோடு யாரைக் கேட்பிக்கக் கூறினார் என்பதும் பொருளை வரையறுக்கும் என்பது அவர் கொள்கை. குறை மாறாதிருக்கக் கேட்போர் மாறுவது எப்போது என்று நோக்கினால், முறையீடு முடிந்து வேறொன்று தொடங்கும் இடம் புலனாகும்.

பழைய இலக்கியத்தில் இதன் இரு நிலைகளும் உள்ளன. புறநானூற்று 35ஆம் பாட்டு, வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடியது. புகழ்ச்சியாகத் தொடங்கி, உழவர் படும் துயரை எடுத்துரைத்து, அரசனது கடனை நினைவூட்டி முடியும் அப்பாட்டின் பயனாகப் பழைய நிலவரி நீக்கப்பட்டது என்பதை அதன் அடிக்குறிப்பால் அறிகிறோம். வென்ற முறையீடு அது. சிலப்பதிகாரத்திலோ கண்ணகி வழக்குரை காதையில் பாண்டியனை நோக்கிப் பேசுகிறாள். வஞ்சின மாலையில் மதுரை நகரத்து மகளிரையும் ஆடவரையும் விளித்துப் பேசுகிறாள். குறை ஒன்றே, கேட்போர் வேறு. நகர் எரிவது இரண்டாம் பேச்சிற்குப் பின்னரே என்பதை நோக்குக.

குடியேற்ற நாட்டார் ஒருவர் தம் குறைகளைப் புரட்சியாக வளர்த்த வரலாற்றுக்கு உலகம் எடுத்துக்காட்டுவது வட அமெரிக்கா. அங்கு 1765ஆம் ஆண்டு முத்திரைத்தாள் வரி வந்தபோது குடியேறியோர் செய்த முதற்செயல் விண்ணப்பம் எழுதியதே. தாம் ஆங்கிலேயர் என்றும், ஆங்கிலேயர்க்குரிய முறை தமக்கும் வேண்டும் என்றும் கேட்டனர். பத்தாண்டுகள் கழிந்தும், போர் தொடங்கிவிட்ட 1775 சூலைத் திங்களிலும், ஒலிவக்கிளை விண்ணப்பம் எனப்படும் ஒன்றை மன்னர் மூன்றாம் சார்ச்சுக்கு அனுப்பினர். மன்னர் அதனை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு சூலை 4ஆம் நாள் வெளிவந்த விடுதலைப் பேரறிக்கையில் இருபத்தேழு குறைகள் எண்ணப்பட்டன. அவற்றுட் பெரும்பாலன முன்பே விண்ணப்பங்களில் இடம்பெற்றவையே. புதியது யாதெனின், அப்பட்டியல் மன்னருக்கு எழுதப்படவில்லை. மன்னரைப் பற்றி உலகத்தார்க்கு எழுதப்பட்டது. முன்னிலையில் இருந்தவர் படர்க்கைக்குப் பெயர்ந்தார்.

இதனை ஈண்டுக் கூறுவது ஒப்புமை நயம் பற்றி மட்டும் அன்று. 1773 திசம்பர் 16இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் எறியப்பட்ட தேயிலை கிழக்கிந்தியக் கும்பினியாரின் சரக்கு. 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கப் படையிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுவே பின்னர் இந்தியத் தலைமை ஆளுநராகி, 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரை நடத்தினார். அப்போரின் முடிவில் சேலம், பாரமகால், திண்டுக்கல் ஆகியவை கும்பினியார் கைக்கு வந்தன. கொங்கின் நடுப்பகுதி, அஃதாவது இன்றைய கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பகுதி, 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே அவர்தம் ஆட்சிக்குட்பட்டது. மேற்கே குடியேற்றங்களை இழந்த பேரரசு, கிழக்கே நொய்யற்கரைக்கு வந்து சேர இருபதாண்டுகளே ஆயின.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. அமெரிக்கக் குடியேறியோர் ஆள்வோரின் இனத்தவர். தமக்கெனச் சட்டமன்றங்கள் உடையவர். கொங்கு மக்கள் போரில் கைமாறிய நாட்டின் குடிகள். அவர்க்கு முறை என்று எஞ்சியிருந்தது பழவழக்கு ஒன்றே: இன்ன நிலத்திற்கு இவ்வளவு, இன்ன தறிக்கு இவ்வளவு என்னும் வழக்கு. சோழர் கல்வெட்டுக்களிலேயே தறியிறை என்னும் பெயர் உண்டு. ஆகவே வரி புதிதன்று. வரி கேட்போன் புதியன், கேட்கும் வகை புதிது, தாழ்த்திக் கேட்க இடமின்மை புதிது. 1800ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இப்பகுதி வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், நிலவகைகளையும் கிணற்றுப் பாசனத்தையும் தறிகளையும் வரிகளையும் ஊர்தோறும் கேட்டெழுதினார். 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் கொங்கு ஆராய்ச்சியாளர் விடாது பயிலவேண்டியது. ஆள்வோர் கண் நாட்டை எவ்வாறு எண்ணிற்று என்பதற்கு அதுவே சான்று.

புக்கானன் வருமுன்னரே கிளர்ச்சி எழுந்துவிட்டது. அதன் முன்வரலாறு தெற்கே உள்ளது. 1798 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் இராமநாதபுரத்தில் கலெக்டர் சாக்சனைக் கண்டது கைகலப்பில் முடிந்தது. அதன்பின் அவர் செய்தது போர் அன்று. சென்னை அரசுக்கு விண்ணப்பம். விண்ணப்பம் விசாரிக்கவும் பட்டது. சாக்சன் பதவி இழந்தார். முறையீடு வென்றது போலவே தோன்றிற்று. ஆனால் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். விண்ணப்பித்தோர் நிலை இது என்பதைப் பிற பாளையக்காரர் கண்டனர். விருப்பாட்சிக் கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர், மலையாளத்துக் கேரளவர்மர், மைசூரின் தூந்தாசி வாக்கு ஆகியோர் ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டது இதன் பின்னரே. கொங்கிலிருந்தும் அக்கூட்டிற் பலர் சேர்ந்தனர். 1800 சூன் 3ஆம் நாள், மொகரம் திருநாளன்று, கோவைக் கோட்டையைத் தாக்குவதென முடிவு செய்தனர். முயற்சி முன்னரே வெளிப்பட்டுத் தோற்றது; பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். இந்துக்களும் இசுலாமியரும் கூடித் திட்டமிட்ட செயலுக்கு மொகரத்தைத் தேர்ந்தெடுத்தமை எண்ணத்தக்கது.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்த தீர்த்தகிரி, தீரன் சின்னமலை என்னும் பெயர் பெற்ற கதையை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். மைசூருக்குச் சென்றுகொண்டிருந்த வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்துக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே சின்னமலை ஒன்று இருப்பதாக ஆள்வோரிடம் கூறுமாறு சொல்லியனுப்பினார் என்பது வாய்மொழி மரபு. மரபை மரபாகவே கொண்டு நோக்கினும் அதன் அமைப்பு நம் ஆராய்ச்சிக்குப் பயன்படும். செய்தி அரசனுக்கே போகிறது. ஆயினும் அதில் வேண்டுகோள் இல்லை. இருமலைகளோடு தன்னையும் ஒரு மலையாக எண்ணி, நிலத்தின் பெயராற் பேசுகிறது அது. கிளர்ச்சிக்காரனின் கூற்றை மக்கள் நினைவு எவ்வாறு வடித்துக்கொண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மைசூர் வரியைப் பறித்ததாகக் கூறும் அதே மரபு, பின்னர் அவர் திப்புவின் பக்கம் நின்று கும்பினியாரை எதிர்த்தார் என்றும் கூறும். அண்மைக் குறையினும் பெருங்குறை ஒன்று வந்தபோது முன்னது பின்தங்கியது போலும். ஓடாநிலையில் கோட்டை அமைத்துப் போரிட்ட அவர் 1805 சூலை 31ஆம் நாள் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

அக்கால எழுத்துச் சான்றுகளுள் தலைசிறந்தது மருதுபாண்டியர் பெயரால் 1801 சூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட பேரறிக்கை. சம்புத்தீவின் மக்கள் அனைவரையும், நால்வருணத்தாரையும் இசுலாமியரையும் எடுத்தோதி விளிப்பது அது. கும்பினியாரின் படையிற் பணிபுரியும் நம்மவரையும் விளிக்கிறது. நவாபு அறியாமையால் ஐரோப்பியர்க்கு இடங்கொடுத்தமை, அவர் நம்பிக்கை கெடுத்தமை, நாட்டார்க்குள் ஒற்றுமை இன்மை, அதனால் உண்ணும் உணவும் இழிந்தமை எனக் குறைகள் வரிசைப்படுகின்றன. நவாபுக்கோ ஆளுநருக்கோ அதில் ஒரு விண்ணப்பமும் இல்லை.

தமிழ் ஆராய்வார்க்கு அதன் முடிவுப் பகுதியே சுவை மிக்கது. படித்தோர் படியெடுத்துப் பரப்புக என்றும், ஒட்டிய சுவரினின்றும் இதனைக் கிழிப்போர் ஐம்பெரும் பாவம் செய்தோராவர் என்றும் அது கூறுகிறது. இது நம் கல்வெட்டுக்களின் இறுதியில் வரும் ஓம்படைக்கிளவி அல்லவா? நிலக்கொடையைக் காப்பதற்கு அரசரும் ஊராரும் கையாண்ட பழமொழிவழக்கு, அரசை மறுக்கும் தாளைக் காப்பதற்கு வந்து நிற்கிறது. அமெரிக்கர் தம் பேரறிக்கைக்கு இயற்கை உரிமை என்னும் ஐரோப்பிய மெய்ந்நூற் கருத்தை அடிப்படையாக்கினர். மருதிருவர்க்குக் கைகொடுத்தது கோயிற் சுவரில் எழுதும் மரபு. பிறநாட்டுப் புரட்சிகளின் நிழலாகவே நம் கிளர்ச்சிகளைக் காண்போர் இதனை நோக்குவாராக. மருது சகோதரர் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு முன் சூலை 31இல் கருநாடகத்தின் ஆட்சி முழுவதும் ஓர் உடன்படிக்கையாற் கும்பினியார்க்கு வந்துவிட்டது.

பேரறிக்கை தோற்றபின் முறையீடு மீண்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1852இல், கசுலு இலட்சுமி நரசு செட்டியார் முன்னின்று நிறுவிய சென்னைச் சுதேசிகள் சங்கம் பிரித்தானியப் பாராளுமன்றத்திற்கு நீண்ட விண்ணப்பம் அனுப்பிற்று. நிலவரிக் கொடுமையும், தறிக்கும் கடைக்கும் கைத்தொழிற் கருவிக்கும் விதிக்கப்பட்ட மொகதர்ப்பா வரியும் அக்குறைகளுட் சில. வரி தண்டுவதற்குக் குடிகளைத் துன்புறுத்துவதாக எழுந்த குற்றச்சாட்டுக்களை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை 1855இல் வெளிவந்தது. அவ்வாங்கில அறிக்கையில் இரண்டு தமிழ்ச்சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒன்று கிட்டி: விரல்களை இடையிட்டு நெரிக்கும் கட்டைகள். மற்றொன்று அண்ணாந்தாள்: ஆளை வளைத்துக் கயிற்றாலோ அவன் ஆடையாலோ கட்டி நிறுத்தும் தண்டம். திண்ணைப் பள்ளிச் சிறுவர் அறிந்த தண்டத்தின் பெயர், பாராளுமன்ற உறுப்பினர் படிக்கும் ஏட்டிற்கு மொழிபெயர்ப்பின்றியே சென்று சேர்ந்தது. மொழிபெயர்க்க அவர்க்குச் சொல் இல்லை போலும்.

இனி நொய்யற்கரையின் தொழிலை நோக்குவோம். கோவை வட்டாரத்துக் கரிசலும் கிணற்றுநீரும் பருத்திக்கு ஏற்றவை. லங்காசயர் ஆலைகளுக்கு வேண்டிய நீண்ட இழைப் பருத்தியை இங்கு விளைவிக்கக் கும்பினியார் அமெரிக்கத் தோட்டக்காரரையே வரவழைத்தனர். 1842 முதல் 1853 வரை இராபர்ட் வைட்டு என்னும் செடிநூல் அறிஞர் கோவையில் அம்முயற்சியை நடத்தினார். பெரும்பயன் விளையவில்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி தடைப்பட்டபோது இந்நாட்டுப் பருத்தியின் விலை ஏறி, போர் முடிந்ததும் இறங்கிற்று. அதே பத்தாண்டிற் புகைவண்டிப் பாதை திருப்பூர் வழியே சென்றது. பஞ்சு வெளியே போகவும் ஆலைத்துணி உள்ளே வரவும் ஒரே பாதை. நூற்போர் தொழில் முன்னரே நலிந்துவிட்டது. நெய்வோர் தொழில் அழியவில்லை. சென்னிமலை முதலிய ஊர்களில் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன, ஆலைநூலைக் கொண்டு. இவ்வேற்றுமை பின்னர் வரும் செய்திக்கு இன்றியமையாதது.

அமெரிக்கர் 1760களில் ஆங்கிலச் சரக்கை வாங்குவதில்லை என உறுதிபூண்டபோது, பெண்டிர் கூட்டங்கூட்டமாக அமர்ந்து இராட்டையில் நூற்றனர். வீட்டு நூலாற் செய்த முரட்டு ஆடையை அணிவது நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. முத்திரைத்தாள் வரி 1766இல் நீங்கிற்று. 1767இல் வந்த வேறு வரிகளுள் தேயிலை வரி ஒழிந்த பிறவெல்லாம் 1770இல் நீங்கவே, வணிகர் மீண்டும் இறக்குமதி செய்யலாயினர். அவ்வாடையின் மதிப்பும் தாழ்ந்தது. அஃதாவது அங்குக் கைந்நூல் ஓர் அழுத்தக் கருவி. காந்தியடிகளின் கதர் இயக்கம் அவ்வளவில் நிற்கவில்லை. 1925 செப்டம்பரிற் பாட்னாவில் தோன்றிய அகில இந்தியச் சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமையிடமாயிற்று. சங்கம் பஞ்சு கொடுத்து நூல் வாங்கும், நூல் கொடுத்துத் துணி வாங்கும், வாங்கியதை விற்கும். சுற்றூர்ப் பெண்டிர்க்குப் பயிரில்லாக் காலத்தில் அது சில அணாக்கள் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராசாசி தொடங்கிய காந்தி ஆசிரமமும் இப்பணியையே மேற்கொண்டது.

கதரைப் புகழ்வோர் பலர் நெசவாளர் குறையும் நூற்போர் குறையும் ஒன்றே எனக் கொள்வர். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. கைந்நூல் சீரற்றது, தறியில் அடிக்கடி அறும், ஆலைநூலில் நெய்து பழகிய கை அதனை விரும்பாது. கதர் நெசவாளனுக்கு ஒரு பங்கு வேலை தந்தது, ஒரு பங்கு தொல்லையும் தந்தது. ஆயின் கணக்கிற்கு அடங்காத ஒன்றையும் செய்தது. வரியும் விலையும் கலெக்டர் அலுவலகத்திற் பேசவேண்டியவை. உடுத்த துணியோ தெருவிற் பேசிற்று. எழுத்தறியாரும் அதனைப் படித்தனர்.

1930ஆம் ஆண்டில் அகில இந்திய நிலையிலும் அதே மாற்றத்தைக் காண்கிறோம். அவ்வாண்டு சனவரி 26ஆம் நாள் நாடெங்கும் கூட்டங்களிற் படிக்கப்பட்ட முழுவிடுதலை உறுதிமொழி, பொருளியல், அரசியல், பண்பாடு, உள்ளம் என்னும் நான்கு வகையிலும் நேர்ந்த கேட்டினை எண்ணுகிறது. கைந்நூற்பு முதலிய ஊர்த்தொழில்கள் அழிந்தமையும் அதில் உண்டு. கேட்போர் யார் எனின், கூடியிருந்த மக்களே, கேட்போரே கூறுவோருமாயினர். மார்ச்சு 2ஆம் நாள் காந்தியடிகள் இர்வின் பிரபுவுக்கு எழுதிய மடலில் முறையீட்டின் வடிவம் இன்னும் எஞ்சியிருந்தது. பத்து நாள் கழித்துத் தண்டியை நோக்கி நடந்தபோது அதுவும் கழிந்தது.

திருப்பூரில் அது கழிந்த நாள் 1932 சனவரி 10. அம்மாதம் 4ஆம் நாள் காந்தியடிகள் சிறைப்பட்டிருந்தார். காங்கிரசு சட்டத்திற்குப் புறம்பானதாக அறிவிக்கப்பட்டிருந்தது. பி. எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சிறுகூட்டம் கொடியேந்தி ஊர்வலம் சென்றது. அதில் ஒருவர் குமரன். 1904 அக்டோபர் 4ஆம் நாள் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்திற் பிறந்து, தறியை விட்டுத் திருப்பூருக்கு வந்து பஞ்சுத்தொழிலிற் கணக்கு வேலை பார்த்தவர். காவலர் தடியால் அடித்தனர். தலை பிளந்து வீழ்ந்தும் அவர் கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் உயிர்நீத்தார். கொடி காத்த குமரன் என்னும் பெயரை மக்கள் அளித்தனர். அந்த ஊர்வலம் எவரிடமும் எதனையும் கேட்கவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. கொடுப்பதற்கு மனு இல்லை. பெறுவதற்கு அலுவலரும் எதிரில் இல்லை, தடியேந்திய காவலரே இருந்தனர். சென்னிமலைத் தறியின் குறையோ, நூல்விலையோ, கூலியோ அந்நாளிற் பேசப்படவில்லை. அவையெல்லாம் ஒரு துணித்துண்டில் அடங்கிவிட்டன.

இவ்வாறு அடங்கியதால் மறைந்த குறைகளும் உண்டு. அதற்கும் திருப்பூரே சான்று. 1922ஆம் ஆண்டு இவ்வூரில் நடந்த தமிழ்நாடு காங்கிரசு மாநாட்டில், கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து ஊர் ஊராக விற்றவரான ஈரோட்டு ஈ. வெ. இராமசாமி, கோயில் நுழைவுரிமை பற்றிய தீர்மானத்தை வற்புறுத்தினார். எதிர்ப்பு மிகுந்தது, தீர்மானம் நிறைவேறவில்லை. வகுப்புரிமைத் தீர்மானத்தையும் அவர் மாநாடுதோறும் கொணர்ந்தார். 1925 நவம்பரிற் காஞ்சிபுரத்தில் அதற்கு இடம் மறுக்கப்பட்டபோது வெளியேறினார். அவ்வாண்டு மே 2ஆம் நாளே ஈரோட்டிற் குடி அரசு இதழ் தொடங்கிவிட்டது. அயலாட்சியை எதிர்த்தோரிடம் அவர் வைத்தவை முறையீடுகள். இதழோ மக்களை நோக்கியது. கேட்போர் மாறும் அதே நிலை, கிளர்ச்சிக்குள்ளேயே மீண்டும் நிகழ்ந்திருக்கிறது. விடுதலை பெற்ற அமெரிக்காவில் அடிமைகள் தொண்ணூறாண்டளவும் அடிமைகளாகவே இருந்ததை இதனோடு வைத்து எண்ணலாம். அளவு வேறு, வகை ஒன்று.

திருப்பூரில் ஏற்கப்படாத கோயில் நுழைவு, 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்ல நிகழ்ந்தது. அதற்கு அரண் செய்யும் சட்டம் இராசாசி அமைச்சரவையில் அதே ஆண்டு வந்தது. இடைப்பட்ட பதினேழாண்டுகளில் அக்கோரிக்கை மாநாட்டுப் பந்தலைக் கடந்து, ஊர்ப் பொதுக்கூட்டங்களுக்கும் இதழ்களுக்கும் கோயில் வாயில்களுக்கும் சென்றிருந்தது.